ஹில்டாக்காவின் கடல் பெட்டி

பம்மலில் எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தோல் கிடங்கை ஒட்டிய சந்தில் நுழைந்து, "ஷூ பெட்டி செய்யற இடம் எங்கே?" என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். நான் அங்கே கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வேலைக்குச் சேர்ந்தது 2003-இல். ஹில்டாக்கா அதற்குள் பதினான்கு வருடம் முடித்திருந்தாள். பெட்டிக்கு அளவு எடுப்பது, அட்டையில் எங்கே வெட்டு, எங்கே மடிப்பு என்று கோடு போடுவது, வெள்ளை அட்டையில் மாதிரி செய்வது எல்லாம் அவள். அவள் போட்ட கோட்டின் மேல் எழுத்தையும் படத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது நான்.

வெளிநாட்டுக்குப் போகும் ஷூக்களுக்குத்தான் பெரும்பாலும் பெட்டி. மாதிரிப் பெட்டி ஒன்று தயாரானதும் அக்கா ஒரு சோதனை வைப்பாள். மூடியைப் பெட்டியின் தலையில் பொருத்திவிட்டுக் கையை எடுத்துவிடுவாள். மூடி தன் எடையிலேயே, உள்ளே இருக்கும் காற்றைப் பெருமூச்சு மாதிரி விட்டுக்கொண்டு, மெல்லக் கீழே இறங்க வேண்டும். பொத்தென்று விழுந்தால் தொளதொள. பாதியில் நின்றால் இறுக்கம். இரண்டில் எதுவானாலும் அந்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி பிளேடை எடுப்பாள். எங்கள் முதலாளி தனசேகர் சார் தலையில் கை வைத்துக்கொண்டு, "சிஸ்டர், உள்ள வைக்கப்போறது செருப்புதான்" என்பார். அவள் காதில் வாங்கமாட்டாள்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. சேலையூரில் அப்பாவோடு இருந்தாள். அவர் வேதசிரோமணி, கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச் கமிட்டியில் முப்பது வருடம். அந்த வீட்டில் சினிமா கிடையாது. "சினிமா கெட்டதுன்னு நான் சொல்லல. நமக்கு வேண்டாம்னு சொல்றேன்," இதுதான் அவர் கட்சி. டிவி இருந்தது, செய்திக்கு மட்டும். ஹில்டாக்கா தன் வாழ்நாளில் தியேட்டர் வாசலைத் தாண்டியதில்லை. தாம்பரத்தில் சினிமா போஸ்டரைக் கடந்துபோகும்போதுகூட, அந்த மஞ்சள் எப்படி இவ்வளவு பளிச்சென்று வந்திருக்கிறது என்றுதான் நின்று பார்ப்பாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் 2006-ஆம் வருடம், மே மாதத்தில், சினிமா வந்து சேர்ந்தது.

வடபழனியில் பழைய தமிழ்ப் படங்களை டிவிடி போட்டு விற்கும் ஒரு கம்பெனி. அதன் மேனேஜர் சுந்தரராமன் சார், தோல் ஏற்றுமதி செய்யும் நண்பர் ஒருவர் வீட்டில் எங்கள் ஷூ பெட்டியைப் பார்த்திருக்கிறார். ஷூவை அங்கேயே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு நேரே பம்மலுக்கு வந்துவிட்டார்.

"கடல் சம்பந்தப்பட்ட படம் பத்து. எல்லாம் பழசு. ஏழு கறுப்பு வெள்ளை, மூணு கலர். 'கடல் பத்து'ன்னு பேர் வெச்சிருக்கோம். பத்தையும் சேர்த்து ஒரே பெட்டி. தீபாவளிக்குக் கடைக்கு வரணும்," என்றார்.

"படத்தையெல்லாம் குடுத்துட்டுப் போங்க சார். பார்த்துட்டுச் சொல்றேன்," என்றாள் அக்கா.

"பெட்டி செய்யறதுக்கு எதுக்கும்மா படம் பார்க்கணும்?"

"ஷூ பெட்டிக்கே ஷூவைக் கையில வாங்கிப் பார்ப்பேன் சார்."

அவர் சிரித்துக்கொண்டே பத்து டிவிடியையும் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் அக்கா என் பக்கம் திரும்பி, மெதுவாக, "புஷ்பா, இதை எதுல போட்டுப் பார்க்கணும்?" என்று கேட்டாள்.

பொழிச்சலூரில் எங்கள் வீட்டில் அண்ணன் வாங்கிய பிளேயர் ஒன்று இருந்தது. அடுத்த சனிக்கிழமை அதை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பல்லாவரம், அங்கிருந்து ரயிலில் தாம்பரம், மறுபடி ஆட்டோ என்று சேலையூருக்குக் கொண்டுபோனேன். ஒயரெல்லாம் மாட்டி முதல் படத்தைப் போட்டதும் வேதசிரோமணி சார் எழுந்தார். பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நீ வேலையாப் பார்க்கிற. பாரு. நான் வராண்டாவுல இருக்கேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கு ஒரு படம். மறுநாள் ஆராதனை முடிந்து வந்து ஒன்று. பிறகு வாரநாளிலும் வேலை முடிந்து வந்து அக்கா பார்த்தாள். மூன்றாவது படத்தில் சாருடைய நாற்காலி வராண்டாவிலிருந்து வாசற்படிக்கு வந்துவிட்டதாம். நான்காவது படம் பாதியில் கரண்ட் போனபோது, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அந்தப் பொண்ணோட அண்ணன் கடல்ல இருந்து திரும்பினானா இல்லையா?" என்று கேட்டாராம். ஐந்தாவது படத்துக்கு நாற்காலி டிவிக்கு எதிரே வந்துவிட்டது. ஆறாவதற்குக் கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் வந்துவிட்டது.

"இதுல சாயங்காலம்னு சொல்றாங்க, சூரியன் கடலுக்குள்ள இறங்குது. அப்ப இது நம்ம பக்கத்துக் கடல் இல்ல, மேற்குக் கரை. போன படத்துல தாழம்புதர் இருந்துது, மணல் மேடு இருந்துது. அது நம்ம கோவளம் பக்கம்," என்று என்னிடம் விளக்கினார். எந்தப் படம் எந்தக் கரையில் எடுத்தது என்று கண்டுபிடிப்பதில் இறங்கிவிட்டார். பாட்டு வந்தால் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பாட்டு முடிகிறவரை துடைத்துக்கொண்டே இருப்பார்.

ஏழாவது படத்தின் பெயர் 'கட்டுமரத்துக் கல்யாணம்'. கறுப்பு வெள்ளை. அன்றைக்கு நானும் போயிருந்தேன். சனிக்கிழமை காலை. கதை சுமார்தான். ஆனால் நடுவில் ஒரு காட்சி. கதாநாயகி தனியாகக் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போகிறாள். கேமரா கரையில் இருக்கிறது, அவள் முதுகுதான் தெரிகிறது. பெரிய அலை ஒன்று எழும்புகிறது. அவள் உட்காரவில்லை, குனியவில்லை. துடுப்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றபடியே அந்த அலையின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடுகிறாள். எட்டு விநாடிதான் இருக்கும்.

"நிறுத்து, நிறுத்து," என்றாள் அக்கா. நிறுத்தினேன். அலையின் உச்சியில் அந்த உருவம் நின்றது. வானமும் தண்ணீரும் தவிர வேறு எதுவும் இல்லை. அக்கா பென்சிலை எடுத்துவிட்டாள்.

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு அங்காளம்மா வந்தாள். கோவளத்துக்குத் தெற்கே ஒரு சின்னக் குப்பத்திலிருந்து வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் வந்து எங்கள் பக்கம் மீன் விற்கிறவள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "ஹில்டாம்மா, சங்கரா கீது, நவர கீது, இன்னா வோணும்?" என்று கேட்டுக்கொண்டே அன்னக்கூடையை இறக்கிவைத்துவிட்டு வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தாள். 

"ஐயோ, எங்கப்பன்," என்றாள்.

சாமியைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தோம். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

"எங்கே உங்கப்பா?" என்று கேட்டார் சார்.

"தோ, கட்டுமரத்து மேல நிக்கறாரே."

"அது பொம்பளைம்மா. கதாநாயகி."

"கதாநாயகியாவது! அந்தம்மா கரையில கொட புடிச்சிகினு குந்திகினு இருந்தாங்க. தண்ணின்னா அவுங்களுக்கு அம்மாம் பயம். நான் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன், பத்து வயசு எனக்கு. இது எங்கப்பன் பூவராகன், சார். சீலை கட்டிகினு கீறாரு."

அங்காளம்மா படியேறி உள்ளே வந்தாள். "வலது தோளப் பாரு, எறங்கி கீது. சின்ன வயசுல பாய்மரம் வுழுந்து எலும்பு வுட்டுப்போச்சி. அதுலருந்து அப்டிதான் நிப்பாரு."

வேதசிரோமணி சார் எதையும் சரிபார்க்காமல் ஒப்புக்கொள்கிறவர் அல்ல. "புஷ்பா, கொஞ்சம் பின்னாடி போ. அந்தப் பொண்ணு கிட்டத்துல வர்ற இடம்... ம், நிறுத்து. இப்ப அலை. மறுபடி கிட்டத்துல." நான்கு முறை போட்டுக் காட்டினேன். நோட்டில் ஏதோ கோடு கிழித்தார். கடைசியில், "கிட்டத்துல தோள் ரெண்டும் சமமா இருக்கு. தூரத்துல வலது பக்கம் இறங்கியிருக்கு. இது ரெண்டு ஆள்தான். அங்காளம்மா சொல்றது சரி," என்றார்.

அங்காளம்மா அதையெல்லாம் கேட்கவில்லை. கை இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு, டிவிக்கு ஒரு முழம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரே ஒரு போட்டோ இருந்துது அவுருது. சுனாமில வூட்டோட பூடுச்சி," என்றாள். பிறகு, "இன்னொரு வாட்டி போடேன்மா," என்றாள்.

போட்டேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வாசலில் இருக்கும் சங்கரா கெட்டுப்போய்விடும் என்று நான்தான் கடைசியில் சொல்லவேண்டியிருந்தது. அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இரண்டடி போனாள். திரும்பி வந்தாள்.

"அந்தச் சீலை பச்ச ஹில்டாம்மா. கிளிப்பச்ச. உங்க டிவில கலர் தெரில."

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு அப்பாவும் மகளும் அந்தக் குப்பத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். நானும் தொற்றிக்கொண்டேன். அங்காளம்மா புதிதாகக் கட்டிய காலனி வீட்டில் இருந்தாள். அவள் வயதுக்காரர்களும் மூத்தவர்களும் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். பூவராகன் பேரைச் சொன்னதுமே ஒருவர் வேட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

நடந்தது இதுதான். படப்பிடிப்புக்காரர்கள் ஊரில் பத்து நாள் இருந்திருக்கிறார்கள். அலையைத் தாண்டும் காட்சிக்கு ஆள் வேண்டும். அந்த ஊரில் பெண்கள் கட்டுமரம் ஏறுவதில்லை. ஆண்களில் எவனும் சேலை கட்டச் சம்மதிக்கவில்லை. ஊர் கேலி செய்யும், காலத்துக்கும் பேர் நின்றுவிடும் என்று ஓடி ஒளிந்துகொண்டார்கள். பூவராகன் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர், "கடல்ல நிக்கணும், அவ்ளோதான? குடு," என்று சேலையை வாங்கிக்கொண்டாராம். கட்டத் தெரியாமல் அவர் மனைவிதான் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டாள். முதல் தடவையிலேயே காட்சி சரியாக வந்துவிட்டது. கேமராக்காரர் அவரை மீசையோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம்.

"அப்புறம் சாவற வரைக்கும் அவுருக்குப் பேரே கதாநாயகிதான்," என்றார் சிரித்தவர். "கடல்லருந்து வந்தாருன்னா, கதாநாயகி வந்துச்சி, மீனு இன்னா கொண்டாந்துச்சின்னு கேப்போம். அவுரும் தலைய சாய்ச்சி ஒரு வெக்கம் காட்டுவாரு பாரு!"

"படத்தை அவர் பார்த்தாரா?" என்று கேட்டாள் அக்கா.

"எங்க? வந்த படம் நாலு நாள்ல போயிடுச்சி. சீலைய மட்டும் எங்கம்மாக்குக் குடுத்துட்டாங்க. அது கட்டிக் கிழிஞ்சி, அப்புறம் என் புள்ளைங்களுக்குத் தூளி கட்டினேன்," என்றாள் அங்காளம்மா.

ஹில்டாக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அந்தப் படத்தைத்தான் பெட்டியில போடலாம்னு இருக்கேன். உங்கப்பா பேரையும் போடலாமான்னு... உங்களுக்குச் சங்கடமா இருக்காதே? யாராவது சிரிச்சா?"

"சிரிக்கட்டுமே. அப்பவும் சிரிச்சாங்க. எங்கப்பன் கூட சேந்து சிரிப்பாரு."

அந்த வாரம் அக்கா ஒரு பெட்டி செய்தாள். எத்தனையோ பெட்டிகளை அவள் கையில் பார்த்திருக்கிறேன், இதைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை. ஷூ பெட்டியைப் போலவே இரண்டு துண்டு. கீழ்ப்பாதி முழுக்கக் கடல். மேல் மூடி முழுக்க வானம். இரண்டும் சந்திக்கும் விளிம்புதான் தொடுவானம். மூடியிருக்கும்போது கடலும் வானமும் மட்டும், சாம்பல் நீலத்தில். மூடியைத் தூக்கினால் உள்ளே பத்து டிவிடி டப்பாக்களின் முதுகும் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு முதுகிலும் படத்தில் ஒரு கீற்று. பத்தும் சேர்ந்து நின்றால் அலை, கட்டுமரம், அதன் மேல் நிற்கும் உருவம். முழுப்பெட்டியிலும் பளிச்சென்ற நிறம் என்று இருந்தது அந்தச் சேலை ஒன்றுதான். கிளிப்பச்சை. அந்தப் பச்சைக்காகக் கம்ப்யூட்டரில் என்னைப் படுத்திய பாடு! "இது வாழையிலை. இது பாசி. புஷ்பா, கிளியைப் பார்த்ததே இல்லையா நீ?" என்று மூன்று நாள். கடைசியில் அங்காளம்மாவிடமே நாலு பச்சைத் தாளைக் காட்டி, அவள் தொட்ட தாளைத்தான் எடுத்துக்கொண்டோம்.

சுந்தரராமன் சார் மாதிரியைக் கையில் வாங்கி மூடியைத் தூக்கினார், வைத்தார், மறுபடி தூக்கினார். பிடித்துவிட்டது என்று முகமே சொன்னது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"அழகா இருக்கும்மா. ஆனா முகம் எங்க? பத்துப் படம், எத்தனை நடிகருங்க! ஒரு முகம்கூட இல்லாத பெட்டியை எவன் கையில எடுப்பான்? அதுவும் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிற ஒரு ஆள்."

"அந்த முதுகுதான் சார் பத்துப் படத்துலயும் நல்ல இடம். நான் பத்தையும் பார்த்தேன்."

"நீங்க பார்த்தது மொத்தமே பத்துப் படம்தானாமே. தனசேகர் சொன்னார்."

அக்கா முகம் சிவந்துவிட்டது. அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "ஆமா சார். அதனாலதான் முகம் எதுவும் எனக்கு முன்னாடியே தெரியாது. எது நல்லா இருந்துதோ அதை எடுத்தேன்," என்றாள்.

நடுவில் புகுந்தவர் தனசேகர் சார்தான். "சார், ஒண்ணு பண்ணலாம். பெட்டிக்கு வெளியில பேப்பர்ல ஒரு பட்டை சுத்திடலாம். அதுல உங்க நட்சத்திரம் அத்தனை பேரையும் போட்டுக்குங்க. கடையில இருக்கிற வரைக்கும் முகம். வீட்டுக்குப் போனதும் பட்டையைக் கழட்டிடுவான், அப்புறம் சிஸ்டரோட கடல்." சுந்தரராமன் சார் யோசித்துப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். அந்தச் சூட்டோடு அக்கா இன்னொன்றும் கேட்டாள். எந்தப் படம் எந்தக் கரையில் எடுத்தது, பூவராகன் யார் என்பதையெல்லாம் சின்னப் புத்தகமாகப் போட்டு உள்ளே வைக்கலாமா? அப்பா எழுதி வைத்திருக்கிறார். "படம் பார்க்கறவன் புத்தகம் படிக்க மாட்டாம்மா," என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

செப்டம்பர் கடைசியில் ஆயிரம் பெட்டி அச்சாகி, வெட்டி, ஒட்டித் தயாராக இருந்தது. டப்பாக்களுக்கான அட்டைப்படமும் தயார். டிவிடி போட்ட டப்பாக்கள் வடபழனியிலிருந்து வேனில் வந்து இறங்கின. அக்கா முதல் பத்தை எடுத்துப் படத்தைச் செருகி, வரிசையாகப் பெட்டியில் நிறுத்தினாள். பத்தாவதை வைத்ததும் பத்தும் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. கட்டுமரம் படிப்படியாக உடைந்தது. பூவராகன் தலை ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம்.

ஸ்கேலை வைத்து அளந்தோம். எங்களுக்கு மாதிரிக்குக் கொடுத்த டப்பா பதினைந்து மில்லிமீட்டர். வந்திருப்பது பதினான்கு. டப்பா சப்ளை செய்கிறவர் வேறு ரகத்தை அனுப்பியிருக்கிறார், யாரும் கவனிக்கவில்லை. பத்து டப்பாவுக்கு ஒரு சென்டிமீட்டர் இடைவெளி.

"தப்பு என்னுதுதான். மாதிரியை நம்பிட்டேன். ஒரு போன் போட்டு மறுபடி கேட்டிருக்கணும்," என்றாள் அக்கா. யாருடைய தப்பும் இல்லை என்று தனசேகர் சார் எவ்வளவோ சொன்னார். அவள் மத்தியானம் சாப்பிடவில்லை. ஆயிரம் பெட்டிக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அந்த ஒரு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் விமானம் ஒன்று தாழ்வாகப் போனது. அவள் நிமிரவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. நேராக நின்றால் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக, மேஜையில் கிடந்த போன் நம்பர் டயரியை எடுத்து அந்த இடைவெளியில் செருகினேன். பத்து டப்பாவும் சிப்பாய் மாதிரி நிமிர்ந்தன. பூவராகன் நின்றார்.

அக்கா டயரியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "புத்தகம்," என்றாள்.

சுந்தரராமன் சாருக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் நின்றதால் இரண்டு பக்கமும் கேட்டது.

"எவ்வளவு இடைவெளி?"

"ஒரு சென்டிமீட்டர் சார். டப்பா உயரத்துக்கே மெல்லிசா ஒரு அட்டைக்கூடு செஞ்சுடறோம். உள்ள ஒரு புத்தகம். கூட்டோட முதுகுலயும் கடலை நீட்டிடலாம்."

"தெர்மாகோல் வெச்சா போதாதா?"

"மூடியைத் தூக்கினா கடலுக்குப் பக்கத்துல தெர்மாகோல் தெரியும் சார்."

"உங்கப்பா எத்தனை பக்கம் எழுதி வெச்சிருக்கார்?"

"நாற்பது."

"பதினாறாக்கச் சொல்லுங்க."

கணக்கு வாத்தியாருக்குக் கழிப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஒரு வரியை அடிப்பார், மறுபடி பென்சிலில் மேலே எழுதுவார். தாழம்புதரைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் இருந்தது. அதை எடுக்கச் சொன்னதற்கு அக்காவோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. பூவராகனைப் பற்றிய பத்தியில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. "இப்படத்தில் கட்டுமரத்தின் மேல் நின்று அலையைக் கடப்பவர், கோவளத்துக்குத் தெற்கேயுள்ள குப்பத்தைச் சேர்ந்த மீனவர் பூவராகன். வேறு எவரும் முன்வராதபோது அவர் முன்வந்தார். அவர் உடுத்தியிருப்பது கிளிப்பச்சைச் சேலை." இவ்வளவுதான். எழுதியவர் பெயர் போடும் இடத்தில் என்ன போடுவது என்று கேட்டபோது சார் வெகுநேரம் யோசித்தார். சர்ச்சில் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன். "பேரைப் போடு. பி.எஸ்ஸி., பி.டி.யும் போடு," என்றார்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. பிரமாதமாக விற்றது என்று சொல்லமாட்டேன். ஆயிரமும் தீர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஆனால் பெட்டியும் புத்தகமும் நன்றாக இருக்கின்றன என்று நாலைந்து பேர் கடிதம் எழுதினார்களாம். அதில் ஒன்று மேற்குக் கரை என்று சார் எழுதியிருந்த ஒரு படத்தைப் பற்றி மறுப்பு. அவருக்கு ஒரே சந்தோஷம். மூன்று பக்கம் பதில் எழுதினார். இரண்டு பேரும் பிறகு பல வருடம் கடிதத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஹில்டாக்கா மறுபடி ஷூ பெட்டிக்கு வந்துவிட்டாள். 2008-க்குப் பிறகு தோல் ஏற்றுமதி படுத்தது. தனசேகர் சார் கம்பெனியைச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மாற்றி, கார் உதிரிப் பாகங்களுக்குப் பெட்டி செய்ய ஆரம்பித்தார். அக்காவும் எலக்ட்ரிக் ரயிலில் எதிர்த்திசைக்குப் போகத் தொடங்கினாள். எனக்குக் கல்யாணமாகி நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன்.

ஆனால் அந்தத் தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு நாங்கள் மூன்று பேரும் குப்பத்துக்குப் போனதைச் சொல்லவேண்டும். அங்காளம்மாவுக்கு ஒரு பெட்டி எடுத்துப் போனோம். வீட்டில் பிளேயர் இல்லாததால், பத்து முதுகிலும் வந்த படத்தை ஒரே தாளாக அச்சடித்து, சுவரில் மாட்டுவதற்காகக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுபோயிருந்தாள் அக்கா. அங்காளம்மா சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணியடித்து வைத்திருந்தாள். மாட்டி முடித்ததும் சந்தனக் கிண்ணத்தோடு படத்துக்கு முன்னால் போய் நின்றாள். விரலால் சந்தனத்தைத் தொட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா சார் இது, பொட்டு எங்க வெக்கறது? நெத்தியக் காட்டாம நிக்கறாரே!"

வேதசிரோமணி சார் எழுந்துபோய் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தைக் கூர்ந்து பார்த்தார். பிறகு தலைக்கு நேர் மேலே, வானத்தில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க வைம்மா. அவர் பார்க்கிற பக்கம்."

அங்காளம்மா அங்கே வைத்தாள். கொஞ்சம் பெரிய பொட்டாகவே வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வஞ்சிரம் வாங்கி வைத்திருக்கிறேன், சாப்பிடாமல் யாரும் பஸ் ஏறக்கூடாது என்று எங்களை உட்கார வைத்தாள். ஹில்டாக்கா மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.